மறுநாள் காலை என்ன மாறுகிறது?

அமெரிக்க அதிபர் பதவியேற்கும்போது சொல்ல வேண்டிய உறுதிமொழி ஆங்கிலத்தில் 35 சொற்கள். 2009 ஜனவரி 20 அன்று பராக் ஒபாமாவுக்கு அதைச் சொல்லிக்கொடுத்த தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ், அதில் ஒரு சொல்லை இடம் மாற்றிவிட்டார். 'நேர்மையோடு' என்று பொருள்படும் சொல் வாக்கியத்தின் நடுவில் வர வேண்டியது, கடைசிக்குப் போய்விட்டது. ஒபாமா தயங்கினார். நீதிபதி திருத்தப் பார்த்தார். கடைசியில் சொல் இடம் மாறியபடியே உறுதிமொழி முடிந்தது. பொருளில் எள்ளளவும் மாற்றமில்லை. பதவிக்காலமோ அன்று நண்பகலிலேயே அரசியல் சட்டப்படி தானாகத் தொடங்கிவிடும். முதல் நாள் சொன்னதே செல்லும் என்றுதான் வெள்ளை மாளிகையும் சொன்னது. இருந்தும் மறுநாள் மாலை, மேடையும் பெருங்கூட்டமும் இல்லாத ஓர் அறையில், நீதிபதி மறுபடி வந்து நின்று 35 சொற்களையும் வரிசை பிசகாமல் சொல்லிக்கொடுத்தார்.

'எல்லாம் வெறும் சடங்குதானே' என்று அலுத்துக்கொள்கிறவர்கள் இந்த மறுநாள் மாலையைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஒரு வினையடையின் இடத்துக்காக ஒரு நாட்டின் தலைமை நீதிபதியும் அதிபரும் ஏன் இரண்டாம் முறை எதிரெதிரே நிற்க வேண்டும்? ஒபாமா மனதில் எந்த மாற்றமும் தேவைப்பட்டிருக்காது. பின்னாளில் அவர் கையெழுத்திட்ட ஏதாவது ஓர் ஆணையை எதிர்த்து வழக்குப் போடும் ஒருவர், 'இவர் முறையாகப் பதவியேற்கவே இல்லை' என்று கிளம்பக் கூடாது. சடங்கு நடந்தது அந்த முகம் தெரியாத மனிதருக்காக.

பெரும்பாலான சடங்குகள் இப்படித்தான். நடுவில் நிற்பவரை மாற்றுவதற்காக நடப்பதுபோலத் தெரியும். உண்மையில் வேலை நடப்பது சுற்றி நிற்பவர்கள்மீது. மணம் முடித்த இருவரும் முந்தின நாள் இருந்த அதே இருவர்தான். பட்டம் வாங்கியவருக்கு அந்தக் காகிதம் கைக்கு வந்த நொடியில் புதிதாக ஒன்றும் தெரிந்துவிடுவதில்லை. ஆனால் மறுநாள் காலையிலிருந்து மற்றவர்கள் அவர்களை வேறு விதமாக அழைக்கிறார்கள், வேறு இடத்தில் உட்கார வைக்கிறார்கள், வேறு கேள்விகள் கேட்கிறார்கள். ஒரு சடங்கு வேலை செய்ததா என்று பார்க்க எனக்குத் தெரிந்த ஒரே அளவுகோல் இதுதான்: மறுநாள் காலை யாருடைய நடத்தையாவது மாறியதா?

இந்த விஷயத்தைச் சொற்களின் பக்கமிருந்து அணுகியவர் ஜே. எல். ஆஸ்டின் என்ற ஆங்கிலத் தத்துவவாதி. 1955இல் ஹார்வர்டில் அவர் ஆற்றிய உரைகள், அவர் இறந்த பிறகு 1962இல் நூலாயின. 'மழை பெய்கிறது' என்பது செய்தி சொல்கிற வாக்கியம். 'வாக்குக் கொடுக்கிறேன்', 'இந்தக் கப்பலுக்கு இன்ன பெயர் சூட்டுகிறேன்' என்பவை செய்தி சொல்வதில்லை, சொல்லும்போதே ஒரு காரியத்தைச் செய்து முடிக்கின்றன. இவற்றை மெய்யா பொய்யா என்று கேட்க முடியாது. பலித்ததா பலிக்கவில்லையா என்றுதான் கேட்க முடியும். பலிக்காமல் போவதிலும் அவர் இரண்டு வகை பார்த்தார். உரிமை இல்லாதவர் சொன்னால், தவறான ஆளிடம் சொன்னால், முறையைப் பாதியில் விட்டால், காரியமே நடக்கவில்லை. மனதில் எண்ணம் இல்லாமல் சொன்னால் காரியம் நடந்துவிட்டது, வெறும் கூடாக.

இரண்டாவது வகையைக் கவனியுங்கள். மனமில்லாமல் வாக்குக் கொடுத்தாலும் வாக்கு வாக்குதான். 'அன்றைக்கு நான் மனதார சொல்லவில்லை' என்று பின்னால் யாரும் நழுவ முடியாது. சடங்குகள் மனதைப் பார்ப்பதில்லை, போலித்தனத்துக்கு இடம் கொடுக்கின்றன என்பது பழைய குற்றச்சாட்டு. என் கணக்கில் அதுதான் அவற்றின் பலம். மனதை யாரும் திறந்து பார்க்க முடியாது, அது நாளைக்கு மாறியும் போகும். நாலு பேர் முன்னால் நின்று வாய்விட்டுச் சொன்னது அப்படி மாறாது. ஊர் கேட்கச் சொன்னதைத்தான் ஊர் திருப்பிக் கேட்க முடியும்.

யார் சொல்லிவைப்பது என்பதிலும் சிக்கல் வரும். 1923 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் ஹார்டிங் திடீரென்று இறந்தபோது துணை அதிபர் கால்வின் கூலிட்ஜ் வெர்மாண்ட் மாநிலத்தில் தன் தந்தை வீட்டில் இருந்தார். தந்தை நோட்டரி. அதிகாலை 2.47 மணிக்கு, எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில், மகனுக்கு அவரே பதவிப் பிரமாணம் செய்துவைத்தார். படிக்க உருக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு மாநில நோட்டரிக்குக் கூட்டாட்சி அரசின் தலைவரைப் பதவியேற்பிக்க அதிகாரம் உண்டா என்ற சந்தேகம் எழவே, அதே மாதம் வாஷிங்டனில் ஒரு நீதிபதி முன்னால் கூலிட்ஜ் சத்தமில்லாமல் இரண்டாம் முறை உறுதிமொழி எடுத்தார்.

சடங்கின் உள்கட்டமைப்பு என்று வந்தால் 1909இல் ஆர்னால்ட் வான் ஜெனெப் என்ற மானுடவியலாளர் போட்ட வரைபடம்தான் இன்றும் உதவுகிறது. ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு ஆளைக் கடத்தும் சடங்குகள் எங்கே நடந்தாலும் மூன்று பகுதிகள் தெரிகின்றன என்றார். முதலில் பிரிப்பு: ஆளைப் பழைய இடத்திலிருந்து விலக்குவது. உடை மாறுகிறது, தனி அறை, குளியல். பிறகு வாசற்படி: உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. பழைய பெயர் போய்விட்டது, புதுப் பெயர் வரவில்லை. கடைசியில் சேர்ப்பு: புது நிலையில் எல்லோரோடும் கலப்பது. கூட உட்கார்ந்து சாப்பிடுவது, கைகுலுக்குவது, புதுப் பெயரால் அழைக்கப்படுவது. எல்லாச் சடங்கிலும் மூன்றும் ஒரே அளவில் இருக்காது. இறப்பில் பிரிப்பு பெரியது, திருமணத்தில் சேர்ப்பு பெரியது, பயிற்சி முடித்து ஒரு குழுவில் நுழைவதில் வாசற்படி பெரியது.

நடுப்பகுதியைத் தனியாக எடுத்து 1960களில் விரித்து எழுதியவர் மானுடவியலாளர் விக்டர் டர்னர். சாம்பியாவின் ந்தெம்பு மக்களிடையே களப்பணி செய்தவர். வாசற்படியில் நிற்பவர்களுக்குள் மேல் கீழ் மறைந்துபோகிறது என்பது அவர் கண்டது. எல்லோருக்கும் ஒரே உடை, ஒரே வசை, ஒரே பசி. அங்கே முளைக்கும் தோழமை வேறு எங்கும் கிடைக்காது. பயிற்சி முகாமில் ஒன்றாகக் கிடந்தவர்கள் முப்பது வருடம் கழித்தும் ஒருவரையொருவர் விடாமல் இருப்பது இதனால்தான். இன்றைய விழாக்களில் முதலில் கத்தரிக்கப்படுவதும் இந்த நடுப்பகுதிதான், ஏனென்றால் அதைப் படம் எடுக்க முடியாது. காத்திருப்பதையும் சும்மா இருப்பதையும் யார் படமெடுப்பார்கள்? ஒரு வாரமாக இருந்த விலகல் ஒரு நாளாகி, அரை மணி நேர ஒப்பனையாகச் சுருங்கிவிட்டது. ஆள் அப்படியே வந்து அப்படியே போகிறார்.

இறப்பில் இந்த நடுப்பகுதி எவ்வளவு நீளமானது என்று காட்டியவர் ராபர்ட் ஹெர்ட்ஸ் என்ற பிரெஞ்சுச் சமூகவியலாளர். 1907இல் அவர் எழுதிய நெடுங்கட்டுரைக்கு போர்னியோவின் டயாக் மக்களிடம் இருந்த இரட்டை அடக்கம்தான் ஆதாரம். உடலை முதலில் தற்காலிகமாக ஓரிடத்தில் வைக்கிறார்கள். மாதங்கள், சில வேளை வருடங்கள் கழித்து, எலும்பு மட்டும் மிஞ்சிய பிறகு பெரிய விழா எடுத்து நிரந்தர இடத்தில் வைக்கிறார்கள். இடைப்பட்ட காலம் முழுக்க இறந்தவரும் போய்ச் சேரவில்லை, துக்கம் காப்பவரும் திரும்பி வரவில்லை. மருத்துவர் நேரம் குறிக்கும் அந்த ஒரு நிமிடத்தில் சமூகத்தைப் பொறுத்தவரை யாரும் இறந்து முடிப்பதில்லை என்பது ஹெர்ட்ஸின் வாதம். (அவரே முதல் உலகப் போரில், 1915இல், முப்பத்து மூன்று வயதில் கொல்லப்பட்டார்.)

இந்தக் காலத்தைப் படிக்கட்டாகவே செதுக்கி வைத்திருப்பது யூத மரபு. அடக்கம் முடிந்ததும் ஏழு நாள் வீட்டைவிட்டு வெளியே போவதில்லை, தாழ்ந்த இருக்கையில் உட்காருகிறார்கள், மற்றவர்கள் தேடி வருகிறார்கள். முப்பதாவது நாள் வரை வேலைக்குப் போகலாம், கொண்டாட்டங்களுக்குப் போகக் கூடாது. பெற்றோரை இழந்தவருக்கு மட்டும் இது பன்னிரண்டு மாதம் வரை நீள்கிறது. ஒவ்வொரு படியிலும் ஒரு தடை நீங்குகிறது. நடைமுறையில் இதன் பயன் துக்கப்படுபவரைவிட அவரைப் பார்க்கப் போகிறவருக்கு அதிகம். பத்தாம் நாள் சிரிக்கலாமா, நாற்பதாம் நாள் விருந்துக்குக் கூப்பிடலாமா என்று அவர் தவிக்க வேண்டியதில்லை. எதை எப்போது செய்வது என்று நாள்கணக்கே சொல்லிவிடுகிறது. இந்தப் படிகள் இல்லாத இடத்தில் பதினைந்தாம் நாளே 'இன்னுமா அதையே நினைத்துக்கொண்டிருக்கிறாய்' என்று கேட்கிற ஒருவர் வந்துவிடுவார்.

சாட்சிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் 1949ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம், பதிவாளர் அலுவலகத் திருமணத்துக்குக் குறைந்தது இரண்டு சாட்சிகள் வேண்டும் என்கிறது. அதோடு கதவுகள் திறந்திருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. மறுப்புச் சொல்ல உரிமையுள்ள ஒருவர் தெருவிலிருந்து உள்ளே வர முடிய வேண்டும் என்பதே திறந்த கதவின் பொருள். யாரும் வந்து மறுப்பதில்லை என்பது வேறு விஷயம். மறுத்திருக்கலாம், மறுக்கவில்லை என்பதால்தான் அங்கே இருந்த ஒவ்வொருவரும் அதற்கு உடன்பட்டவராகிறார். பார்வையாளர் வேறு, சாட்சி வேறு. பார்வையாளர் எழுந்து போனாலும் நிகழ்ச்சி நடக்கும். சாட்சி போய்விட்டால் நடக்காது.

ஆகவே ஒரு சடங்கைத் திட்டமிடுபவர் முதலில் கேட்க வேண்டியது 'எத்தனை பேர் வருவார்கள்' என்பதல்ல, 'வருகிறவர்களுக்கு என்ன வேலை' என்பது. சேர்ந்து ஒரு வரி சொல்வது, எழுந்து நிற்பது, ஒரு பொருளைக் கைமாற்றி அனுப்புவது, கையெழுத்திடுவது எதுவானாலும் சரி. வேலை சின்னதாக இருக்கலாம், ஆனால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும். ஒரே நேரத்தில் உடல்கள் அசையும்போது பொங்கி எழும் கூட்டு உணர்ச்சியைப் பற்றி 1912இல் சமூகவியலாளர் எமில் துர்கைம் எழுதினார். நூறு வருடம் கழித்து அதை அளந்தும் பார்த்தார்கள். ஸ்பெயினின் சான் பெத்ரோ மன்ரிக்கே என்ற சிற்றூரில் ஜூன் மாதத்தில் நடக்கும் தீமிதியில் ஆய்வாளர்கள் இதயத்துடிப்புக் கருவிகளைப் பொருத்தினார்கள். 2011இல் முடிவு வெளியானது. தணலில் நடந்தவரின் துடிப்பு ஏறி இறங்கிய அதே வடிவில், ஓரமாக உட்கார்ந்திருந்த உறவினர், நண்பர்களின் துடிப்பும் ஏறி இறங்கியது. வெளியூரிலிருந்து வேடிக்கை பார்க்க வந்தவர்களுடையது அப்படி இல்லை.

புதிதாகச் சடங்கு செய்ய முடியுமா? முடியும், ஆனால் பெரும்பாலும் நிற்பதில்லை. பிரெஞ்சுப் புரட்சியில் ரோபெஸ்பியர் 1794 ஜூன் 8 அன்று பாரிஸில் 'பரம்பொருள் விழா' எடுத்தார். செயற்கை மலை, ஊர்வலம், இசை, எரியும் சிலை என்று எதிலும் குறை வைக்கவில்லை. இரண்டு மாதம் முடியுமுன் அவர் தலையும் போனது, விழாவும் போனது. அந்த விழாவுக்குப் போய் வந்த ஒருவருக்கு மறுநாள் காலை என்ன மாறியது? ஒன்றுமில்லை.

இதற்கு நேர் எதிரானது கிழக்கு ஜெர்மனியின் 'யுகண்ட்வைஹே'. பதினான்கு வயதுப் பிள்ளைகளை வளர்ந்தவர்களாக ஏற்கும் விழா. பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சுதந்திரச் சிந்தனையாளர்களிடமிருந்து எடுத்து, தேவாலயத்தின் உறுதிப்படுத்தும் சடங்குக்குப் போட்டியாகக் கம்யூனிஸ்ட் அரசு 1954இல் தூக்கி நிறுத்தியது. கட்டாயம், அரசியல் உறுதிமொழி, சலிப்பான உரைகள் எல்லாம் அதில் இருந்தன. அது முதல் ஆண்டிலேயே செத்திருக்க வேண்டும். ஆனால் 1990இல் அந்த நாடே மறைந்த பிறகும் கிழக்குப் பகுதியில் குடும்பங்கள் அதை விடாமல் நடத்துகின்றன. காரணங்களில் ஒன்று சின்னது, அழகானது. அந்த நாட்டில் விழா முடிந்த பிள்ளையைப் பள்ளி ஆசிரியர்கள் 'நீ' என்பதை விட்டு 'நீங்கள்' என்று அழைக்க வேண்டியிருந்தது. நேற்று வரை 'நீ', இன்று முதல் 'நீங்கள்'. உரைகளை யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். அந்த முதல் 'நீங்கள்' எப்படி மறக்கும்?

இனி, உண்மையில் ஒரு சடங்கை நடத்த வேண்டியவர்களுக்குச் சில கணக்குகள். பணி ஓய்வோ, பெயர் சூட்டலோ, மதம் சாராத திருமணமோ, நினைவுக் கூட்டமோ, எதற்கும் பொருந்தும்.

முதலில் ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள். ஒரே வினைச்சொல். ஒரே மூச்சில் சொல்லக்கூடிய நீளம், பத்துப் பன்னிரண்டு சொற்கள். 'இவளை இன்று முதல் இந்தப் பெயரால் அழைப்போம்', 'இந்தப் பொறுப்பை உங்களிடம் ஒப்படைக்கிறேன்' என்பது மாதிரி. மற்றதெல்லாம் இந்த வாக்கியத்துக்கு முன்னால் வருவது, பின்னால் வருவது என்று பிரிந்துவிடும். இந்த வாக்கியத்தை எழுத முடியவில்லை என்றால் உங்கள் கையில் இருப்பது ஒரு விருந்து. விருந்தில் தவறில்லை, ஆனால் அதற்கு மேடை போட வேண்டாம்.

ஒரு மணி நேர நிகழ்ச்சி என்றால் அந்த வாக்கியம் பதினைந்தாவது நிமிடத்துக்கும் இருபத்தைந்தாவது நிமிடத்துக்கும் இடையில் வர வேண்டும். ஆரம்பத்திலேயே வைத்தால் தாமதமாக வருகிறவர்கள் சாட்சியாக முடியாது. ஐம்பதாவது நிமிடத்துக்குத் தள்ளினால் குழந்தைகள் அழ, முதியவர்கள் நெளிய, எல்லோரும் எப்போது முடியும் என்று காத்திருக்கும்போது அது வந்து விழும். வழக்கமாக நடக்கும் பிழை, முன்னால் பேசுகிறவர்களால் வருவது. மூன்று பேர் போதும், ஆளுக்கு மூன்று நிமிடம், எழுதி வைத்து வாசிக்கட்டும். ஒரு பக்கம் எழுதினால் இரண்டு மூன்று நிமிடத்தில் வாசித்துவிடலாம். 'எழுதவெல்லாம் வேண்டாம், ரெண்டே வார்த்தை' என்று எழுகிறவர் கால் மணி நேரத்துக்குக் குறைந்து உட்கார்ந்ததில்லை. எல்லோரையும் நிற்க வைப்பதானால் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். முழங்கால் வலிக்கிறவருக்கு வேறு எதுவும் காதில் விழாது.

சொல்லிக்கொடுத்துத் திருப்பிச் சொல்ல வைப்பதானால் நான்கைந்து சொற்களாக உடைத்து, பெரிய எழுத்தில் அட்டையில் எழுதி, எங்கே நிறுத்துவது என்று கோடு போட்டு வையுங்கள். நன்றாகத் தெரிந்தவர்தான் நினைவிலிருந்து சொல்லித் தடுமாறுவார். மைக்கை அந்த நேரத்தில் கைமாற்றாதீர்கள், தாங்கியில் நிற்கட்டும். மையமான வாக்கியம் மூன்றாவது வரிசைக்குக் கேட்கவில்லை என்றால், மூன்றாவது வரிசைக்குப் பின்னால் இருந்தவர்கள் வந்ததற்கே அர்த்தமில்லை.

கைமாறும் பொருள் ஒன்று இருப்பது நல்லது: மோதிரம், சாவி, புத்தகம், விளக்கு. அது யார் கையில் தொடங்குகிறது, யாரிடம் போகிறது, பிறகு எங்கே வைக்கப்படுகிறது என்ற மூன்றும் முன்பே தீர்மானமாக வேண்டும். மூன்றாவதை எல்லோரும் மறக்கிறார்கள். வாங்கியவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு விழிப்பார், பக்கத்தில் ஒரு சின்ன மேசை போதும். ஒத்திகையில் நடையையும் கைமாற்றையும் மட்டும் பாருங்கள். சொற்களை முழுதாக ஒத்திகை பார்த்தால் நிஜத்தில் அவை இரண்டாம் முறை சொன்னவையாகிவிடும்.

கேமராக்காரரைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. சாட்சிகளுக்கும் சம்பந்தப்பட்டவர்களுக்கும் நடுவில் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு சுவர்போல நிற்பது அவர் பழக்கம். அதைவிட மோசம், 'சார், இன்னொரு தடவை' என்பது. மோதிரம் இரண்டாம் முறை போடப்படும்போது அது நடிப்பு. முதல் முறை போட்டதும் சேர்ந்து நடிப்பாகிவிடுகிறது. மையமான அந்த ஐந்து நிமிடம் அவர் பக்கவாட்டில், முதல் வரிசைக்குப் பின்னால் நிற்கட்டும்.

மௌன அஞ்சலிக்குத் தனியாக ஒரு சொல். 1918இல் கேப்டவுனில் நண்பகல் பீரங்கி வெடித்ததும், முதல் உலகப் போரில் இறந்தவர்களை நினைத்து நகரமே நின்றது. அந்த வழக்கத்திலிருந்து கிளைத்ததுதான் மறு வருடம் நவம்பர் 11 அன்று பிரிட்டிஷ் பேரரசு முழுக்கக் கடைப்பிடிக்கப்பட்ட இரண்டு நிமிட மௌனம். மௌனம் தொடங்கவும் முடியவும் வெளியிலிருந்து ஒரு சத்தம் தேவை என்பதை அந்தப் பீரங்கி காட்டியது. நம் கூட்டங்களில் 'ஒரு நிமிடம்' என்று அறிவித்துவிட்டு இருபதாவது நொடியில் 'நன்றி, அமரலாம்' என்று முடிப்பது, தலைமை தாங்குபவருக்கு மௌனத்தைத் தாங்க முடியாததால் வருகிற வினை. கடிகாரத்தைப் பார்க்கும் வேலையை வேறொருவரிடம் கொடுங்கள். முடிவில் பேச வேண்டாம், ஒரு மணி அடித்தால் போதும்.

முடிவும் அறிவிக்கப்பட வேண்டும். 'அவ்வளவுதான்' என்று யாரும் சொல்லாத கூட்டம் வாசற்படியிலேயே நின்றுபோகிறது. எழலாமா, கைதட்டலாமா என்று தெரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். நடுவில் நின்றவர் முதலில் வெளியேறி, மற்றவர்கள் பின்னால் வருவது எளிய வழி.

சடங்கே இல்லாத கடப்புகளும் இருக்கின்றன. மணமுறிவு, கருச்சிதைவு, வேலை பறிபோவது. நேற்று வரை ஓர் இடத்தில் இருந்தவர் இன்று இல்லை, ஆனால் அதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. எப்படி நடந்துகொள்வது என்று தெரியாத நண்பர்கள் மெல்ல விலகுகிறார்கள். அதைக் கல்நெஞ்சம் என்று நினைக்க வேண்டாம், அவர்களுக்கு யாரும் வேலை கொடுக்கவில்லை.

காணாமல் போனவர்களின் வீட்டில் இது இன்னும் கொடுமை. உடல் இல்லாமல் பிரிப்பைத் தொடங்கவே முடியாது. அர்ஜென்டினாவின் ராணுவ ஆட்சியில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்கள் 1977 ஏப்ரல் 30 அன்று புவனோஸ் அயர்ஸின் பிளாசா தே மாயோ சதுக்கத்தில் முதன்முதலாகக் கூடினார்கள். கூட்டமாக நிற்கக் கூடாது என்று போலீஸ் விரட்டியதால் நடக்கத் தொடங்கினார்கள். பிறகு வியாழக்கிழமைதோறும் பிற்பகல் மூன்றரை மணிக்கு, தலையில் வெள்ளைத் துணி கட்டி, சதுக்கத்தின் நடுவில் இருக்கும் தூணைச் சுற்றி நடப்பது வழக்கமானது. ஆட்சி 1983இல் மாறி, அடையாளம் தெரியாத கல்லறைகளைத் தோண்டத் தொடங்கியபோது அவர்களில் ஒரு பிரிவினர் அதை மறுத்தார்கள். எலும்பைக் கையில் கொடுத்து, அடக்கம் செய்ய வைத்து, கணக்கை முடித்துவிடப் பார்க்கிறார்கள் என்றார்கள். உயிரோடு கொண்டுபோனீர்கள், உயிரோடு கொடுங்கள் என்பதே அவர்கள் கோரிக்கை. சடங்கின் மூன்றாம் பகுதி என்ன செய்யும் என்று தெரிந்தே அதை நடக்கவிடாமல், முதுமையில் சக்கர நாற்காலியில் வந்தவர்களும் சேர்ந்து, அடுத்த வியாழக்கிழமையும் தூணைச் சுற்றி வந்தார்கள்.